தட்டாம்பூச்சிக்கு இரங்கல் கூட்டம்

1. போஸ்டர்

அந்தத் திங்கட்கிழமை காலை வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. இறந்தவரின் படம் இருக்க வேண்டிய வட்டத்துக்குள் ஒரு தட்டாம்பூச்சி இருந்தது. அதற்கு மாலையும் போட்டிருந்தார்கள்.

‘சிறுவர் கதைச் செம்மல், எழுத்தாளர் தட்டாம்பூச்சி அவர்கள் தலையில் பலாப்பழம் விழுந்து அகால மரணமடைந்ததை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இரங்கல் கூட்டம் திங்கள் மாலை 3 மணி, பள்ளி மைதானம்.’ அதற்குக் கீழே இன்னும் பெரிய எழுத்தில், ‘எல்.கே.ஜி. முதல் அட்மிஷன் நடைபெறுகிறது. வேன் வசதி உண்டு.’

அது நான் வேலை பார்த்த பள்ளி. அந்தப் பலாப்பழம் என்னுடையது.

2. பலாப்பழம் வந்த விதம்

புதிதாகக் கம்ப்யூட்டர் டீச்சர் வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போது உங்கள் லேபில் எல்லாம் இருக்கிறது. எங்கள் லேபில் இருந்தவை இவை:

அ) ஆறு கம்ப்யூட்டர். அதில் ஓடுவது ஐந்து.
ஆ) மூன்று மவுஸ். மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ள வேண்டும்.
இ) இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டர் ஒன்று. அதன் லைன் ஆபீஸ் போனோடு சேர்ந்தது.

நாங்கள் கனெக்ட் செய்தால் ஆபீஸ் போன் வேலை செய்யாது. ஃபீஸ் கேட்கவும், வேன் வரவில்லை என்று திட்டவும் கூப்பிடுகிற பெற்றோருக்கு எங்கேஜ்டு டோன்தான் கேட்கும். அதனால் பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் சார் ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான் கொடுப்பார். அதில் பாதி நேரம் லைன் கிடைக்காமல் மோடம் கத்திக்கொண்டிருக்கும்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து நேராக வந்தவள். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கிடைத்த இருபது நிமிடத்தில் தேவையான பக்கங்களை ஃபிளாப்பியில் சேவ் செய்து, மற்ற கம்ப்யூட்டர்களில் காப்பி செய்துவிடுவேன். பிள்ளைகள் இன்டர்நெட்டுக்கு அழுத்துகிற அதே நீல நிற e ஐகானை அழுத்தி அந்தப் பக்கங்களைத் திறந்து படிப்பார்கள். நீல e-யில் திறந்தால் அது இன்டர்நெட். அது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறதா, அமெரிக்காவிலிருந்து வருகிறதா என்பது ஐந்தாம் வகுப்புக்குத் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் எடுத்த வசந்தா மிஸ்ஸுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. அது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு பட்டியல். முந்தைய வருடம் எட்டாம் வகுப்புக்கு, வெப் பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல். நடத்தியபோது, எண் போட்ட பட்டியல் எப்படிப் போடுவது என்று காட்ட ஒரு மாதிரிப் பக்கம் தேவைப்பட்டது. ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகும்போது எண்கள் எப்படி வரிசையாக நிற்கின்றன என்று காட்ட வேண்டும். அதற்குப் பத்து வரி வேண்டும். மேஜைமேல், ஒரு பையனிடமிருந்து நான் பிடுங்கி வைத்திருந்த ‘பூதத்துக்கு ஜலதோஷம்’ இருந்தது. எழுதியவர் தட்டாம்பூச்சி. எங்கள் பள்ளியில் அதைப் படிக்காத பிள்ளையே கிடையாது. லைப்ரரியில் இருந்த மூன்று காப்பிக்கும் அட்டை இல்லை. ஆகவே தலைப்பு, ‘எழுத்தாளர் தட்டாம்பூச்சி: பத்துத் தகவல்கள்’.

முதல் இரண்டு வரி உண்மை. அது புனைபெயர், அந்தப் புத்தகம் அவர் எழுதியது. மூன்றாவதிலிருந்து கையில் சரக்கு இல்லை. ஒரு வேளைக்கு ஒன்பது இட்லி சாப்பிடுவார். குளிக்கும்போது மட்டும்தான் கதை யோசிப்பார். நாய்க்குப் பயப்படுவார். ஏழு பூனைகள் வளர்க்கிறார், அவற்றின் பெயர்கள் ஞாயிறு, திங்கள், செவ்வாய் முதலியன. இடது கையால் எழுதி வலது கையால் அடித்துத் திருத்துவார். குடை இல்லாமல் வெளியே வரமாட்டார். கத்திரிக்காய் பிடிக்காது. ஒன்பது ஆகிவிட்டது. பத்தாவதற்கு எதுவும் தோன்றாததால் அவரைக் கொன்றுவிட்டேன். எழுத்தாளர்கள் என்றால் ஏற்கெனவே இறந்தவர்கள் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் பாடப்புத்தகத்தில் இருந்தவர்கள்.

பக்கம் அழகாக வந்தது. எண்கள் நேராக நின்றன. பாடம் முடிந்ததும் அதை அழிக்கவில்லை.

3. நான் இல்லாத வெள்ளிக்கிழமை

பள்ளிக் கண்காட்சிக்கு வகுப்புக்கு ஒரு எழுத்தாளரைப் பற்றிச் சார்ட் செய்ய வேண்டும். ஐந்தாம் வகுப்பு ஒரே குரலில் தட்டாம்பூச்சி என்றது. இன்டர்நெட்டில் தேடித்தான் தகவல் எடுக்க வேண்டும் என்று கரஸ்பாண்டென்ட் சார் சொல்லிவிட்டார். மற்ற பள்ளிகளில் அப்போது அது கிடையாது. பெற்றோரிடம் சொல்லிக்கொள்ள அவருக்கு அது வேண்டியிருந்தது.

தேட வேண்டிய வெள்ளிக்கிழமை எனக்கு ஆரணியில் உறவுக்காரர் நிச்சயதார்த்தம். லீவு. மழையில் போன் லைன் போய்விட்டது. அது தெரியாமல் வசந்தா மிஸ் பிள்ளைகளை லேபுக்கு அழைத்துப் போய், "e-யை அமுக்குங்கடா, கண்ணுங்களா" என்றிருக்கிறார். நஸ்ரீன் என்ற பெண் அமுக்கினாள். எதுவும் வரவில்லை. விடாமல் ஃபைல், ஓப்பன் என்று போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் திறந்தாள். தட்டாம்பூச்சி வந்துவிட்டார்.

ஒன்பதாவது வரி வரை சிரித்துக்கொண்டு படித்தார்களாம். பத்தாவது வரியில் வகுப்பே அழ ஆரம்பித்திருக்கிறது. வசந்தா மிஸ்ஸும் அழுதிருக்கிறார். அவர் சின்ன வயதில் படித்த புத்தகம் அது.

விஷயம் கரஸ்பாண்டென்ட் சாரிடம் போனது. அவருடைய மச்சான் ஆஃப்செட் பிரஸ் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் போஸ்டர் தயார். வேன் டிரைவர் பிள்ளைகளை ஏற்றும் வழியெல்லாம், கீழ்பென்னாத்தூர் வரை, ஒட்டிவிட்டு வந்துவிட்டார்.

4. திங்கட்கிழமை காலை

ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்ததும் வசந்தா மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா மேகலா, உன் இன்டர்நெட்ல எவ்ளோ விஷயம் இருக்குது! பூனைங்க பேரு மொதக்கொண்டு போட்டிருக்கான் பாரு. அமெரிக்காக்காரன் அமெரிக்காக்காரன்தான்."

"மிஸ், அது வந்து..."

"பாவம், பலாப்பழம். யாருக்கு எப்டி எழுதியிருக்குதோ."

எழுதிய நான் அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். என் புரொபேஷன் அந்த வாரம் முடிகிறது. கன்ஃபர்மேஷன் ஆர்டர் டைப் ஆகிக் கரஸ்பாண்டென்ட் சார் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த ஊரில் கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்கு வேறு வேலை என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பதுதான். சாருடைய கொள்கையும் எல்லாருக்கும் தெரியும். "தப்பு பண்றவங்கள நான் திட்டவே மாட்டேன். வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்பார். ஒரு மிஸ்ஸை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அனுப்பியிருக்கிறார்.

லேபுக்குப் போய் உட்கார்ந்து, என்ன செய்யலாம் என்று எழுதினேன்.

அ) ஃபைலை அழித்துவிட்டுச் சும்மா இருப்பது.
ஆ) இன்டர்நெட் தப்பாகச் சொல்லிவிட்டது என்று சொல்வது. இன்டர்நெட் வந்து மறுத்துப் பேசாது.
இ) உண்மையைச் சொல்வது.

‘ஆ’ எனக்குப் பிடித்திருந்தது. டெலீட் கீ மேல் விரலை வைத்தபோது நஸ்ரீன் உள்ளே வந்தாள். கையில் இரங்கல் உரை.

"மிஸ், பலாப்பழம் எந்த ஊர்ல விழுந்துச்சு?"

"ஏன்மா?"

"நம்ம பக்கம் பலா மரமே கெடையாதே, மிஸ். எங்க அப்பா மண்டியில வெளியூர் லாரியிலதான் வருது. இவரு எதுக்கு அதுக்குக் கீழ போய் நின்னாரு?"

பத்து வயதுப் பெண் கேட்ட கேள்வியை, அந்த வரியை எழுதும்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. "தெரியலம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் அன்று காலையில் நான் சொன்ன உண்மை. டெலீட் கீயிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

பத்து மணிக்குக் கரஸ்பாண்டென்ட் சாரிடம் போனேன். மைக் செட்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பன்னிரண்டுக்குப் போனேன். சாமியானா பந்தலுக்கு எத்தனை குழி தோண்டுவது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"சார், தட்டாம்பூச்சி பத்தி ஒரு விஷயம்..."

"ஏம்மா, இப்பத்தான் நேரமா? கூட்டம் முடியட்டும். அதுக்கப்புறம் எவ்ளோ வேணா பேசு."

5. கூட்டம்

மூன்று மணிக்கு மைதானத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு நாற்காலி. அதன்மேல் சட்டம் போட்ட தட்டாம்பூச்சி, ரோஜா மாலை, ஊதுபத்தி. மாலை கனம் தாங்காமல் தட்டாம்பூச்சி இரண்டு முறை குப்புற விழுந்தது. இரண்டு முறையும் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

தொடங்கும் நேரத்தில் கேட்டுக்குள் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, கக்கத்தில் சுருட்டிய போஸ்டர். சுவரிலிருந்து பிய்த்தது, பின்னால் பசையும் சுண்ணாம்பும் ஒட்டியிருந்தன. நான் கேட் பக்கத்தில் நின்றதால் பேச்சு முழுவதும் காதில் விழுந்தது.

"கீழ்பென்னாத்தூர்லருந்து வரேங்க. போஸ்டர் பாத்தேன்" என்றார்.

கரஸ்பாண்டென்ட் சார் கும்பிட்டார். "வாங்க, வாங்க. அவரை உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியுங்க. ஒரே வீட்டுலதான் இருக்கறோம்."

"அடடா. தம்பிங்களா?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "மொதல்ல கூட்டத்தைப் பாக்கறேங்க. அப்பால சொல்றேன்."

துக்கத்தில் பேச முடியவில்லை என்று சார் புரிந்துகொண்டார். முன்வரிசையில் உட்கார வைத்து ஒரு பன்னீர் சோடா வரவழைத்துக் கொடுத்தார்.

நஸ்ரீன் மைக் முன் வந்து பத்துத் தகவல்களையும் வாசித்தாள். இட்லிக்குச் சிரிப்பு. நாய்க்குச் சிரிப்பு. பெரியவர் மட்டும் நாய் வரியில் சோடாவைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். பத்தாவது வரி முடிந்ததும் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குரல்.

"அப்ப பூனைங்களுக்கு யாரு சோறு போடுவாங்க?"

அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பு மொத்தமும் ஓவென்று அழுதது. நான்காம் வகுப்பு சேர்ந்துகொண்டது. "வெள்ளிக்கிழமை பாவம்!" என்று ஒரு குழந்தை கத்தியது. கரஸ்பாண்டென்ட் சார் மைக்கைப் பிடுங்கினார். அழுகிற கூட்டத்தை அடக்க அவருக்கு ஒரே வழிதான் தெரியும், அறிவிப்பு.

"யாரும் அழக் கூடாது! அந்த ஏழு பூனைகளையும் நம்ம பள்ளிக்கூடமே தத்து எடுத்துக்கும்! பெரியவர் வந்திருக்கார். இன்னிக்கே நம்ம வேன் அவர்கூட போயி, ஏழு பூனையையும் கூட்டிட்டு வரும்!"

கைதட்டல் அடங்கவே இல்லை. வேன் டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "கூண்டு வேணுமா, சாக்கு போதுமா?" என்று என்னிடம் கேட்டார்.

இல்லாத ஏழு பூனைக்கு நான் எங்கே போவேன்? மேடை ஏறினேன். மேடை ஏற எனக்குத் தைரியம் கொடுத்தது அந்த ஏழு பூனைதான்.

"சார், பூனை இல்ல சார்."

"எங்க போச்சு?"

"எங்கயும் போகல. நான்தான் எழுதினேன். அது இன்டர்நெட் இல்ல சார். போன வருஷம் பாடத்துக்காக நானே சும்மா டைப் பண்ண பக்கம். மூணாவது வரியிலேருந்து எல்லாமே என் கற்பனை. பசங்க மேல தப்பில்ல, வசந்தா மிஸ் மேலயும் இல்ல."

மைக் ஆனில் இருந்தது. ரோடு வரை கேட்டது. கரஸ்பாண்டென்ட் சார் என்னைப் பார்த்தார். மாலை போட்ட தட்டாம்பூச்சியைப் பார்த்தார்.

"அப்ப செத்தது யாரு?"

முன்வரிசையில் பெரியவர் எழுந்தார். "அதைக் கேக்கத்தாங்க நானும் பஸ் ஏறி வந்தேன்."

6. அத்தாட்சி

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கடலை மூட்டை எடை போடும் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர் அவர். தான்தான் தட்டாம்பூச்சி என்றார். ஒரு நிமிடம் முன்புதான் ஏமாந்திருந்த பிள்ளைகள் அதை நம்பத் தயாராக இல்லை. நஸ்ரீன் மேடையை விட்டு இறங்கவே இல்லை.

"ரேஷன் கார்டு இருக்குதா, தாத்தா?"

இருந்தது. அதில் வேறு பெயர் இருந்தது. "புனைபேரு ரேஷன் கார்டுல போட மாட்டாங்கம்மா" என்றார்.

"அப்ப சொல்லுங்க. பூதத்துக்கு எப்படி ஜலதோஷம் வந்துச்சு?"

"மழையில நனைஞ்சு."

"தப்பு! ஐஸ்கட்டி வண்டிக்குள்ள தூங்கிடுச்சு!" என்று நூறு குரல்.

"பூதத்தோட அத்தை பேரு?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். "இருபத்தஞ்சு வருஷம் ஆச்சும்மா. அதுக்கப்புறம் நான் அதைப் படிக்கவே இல்ல."

"இவரு ஆள் மாறாட்டம், மிஸ்!" என்றது எட்டாம் வகுப்பு. கரஸ்பாண்டென்ட் சார் சோடா பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்பதுபோலப் பார்த்தார்.

எனக்கு ஒன்று தோன்றியது. "நஸ்ரீன், புத்தகத்துல இருக்கறத யார் வேணாலும் படிச்சிட்டுச் சொல்லலாம். இல்லாததக் கேளு."

அவள் யோசிக்கவே இல்லை. அந்தக் கேள்வி லைப்ரரியில் பல நாள் சண்டையாக நடந்துகொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் பூதம் தும்மிக்கொண்டே டவுன் பஸ்ஸில் ஏறும். அதோடு கதை முடிந்துவிடும்.

"பஸ் ஏறுன பூதம் எங்க எறங்குச்சு?"

பெரியவர் குடையைத் தரையில் ஊன்றி, அதன்மேல் கையை வைத்து, வானத்தைப் பார்த்தார்.

"எறங்கவே இல்லியே. அது ஒரு தும்மு தும்முனா பஸ் ஒரு ஸ்டாப்பிங் தாண்டிப் போயிடும். மொதல்ல எல்லாரும் திட்டுனாங்க. அப்பால பாத்தா டீசல் ஜாஸ்தி மிச்சமாவுது. டிரைவர் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுக் கால் நீட்டித் தூங்க ஆரம்பிச்சுட்டாரு. ஒரு பௌர்ணமி அன்னிக்கு, கிரிவலக் கூட்டம். பஸ்ஸுல நிக்க எடமில்ல. அன்னிக்குப் பாத்து ஜலதோஷம் நல்லாயிடுச்சு. பஸ் நட்டநடு ரோட்டுல நின்னு போச்சு. கண்டக்டர் இன்னா பண்ணாரு தெரியுமா? ஒரு கையில டிக்கெட்டு, இன்னொரு கையில மூக்குப்பொடி டப்பா..."

கால் மணி நேரம் பேசினார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் ஒருவர்கூட அசையவில்லை. வேன் டிரைவர் சாக்கைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். முடித்தபோது நஸ்ரீன் என் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், இவருதான்."

7. ஆபீஸ் ரூம்

"பொய் எழுதினதுக்கு உன்னை இன்னிக்கே அனுப்பணும்" என்றார் கரஸ்பாண்டென்ட் சார். ஆர்டர் மேஜைமேல் இருந்தது. "மைக்குல ஒத்துக்கினதுக்கு வெச்சுக்கணும். எனக்கே கொழப்பமா இருக்குது."

நான் சொல்ல வேண்டியதை ரோடு வரை கேட்கும்படி சொல்லியிருந்தேன். தட்டாம்பூச்சி பக்கத்து நாற்காலியில் இரண்டாவது பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணை அனுப்பிடாதீங்க" என்றார். "என்னைப் பத்தி இதுவரிக்கும் ஒருத்தரும் ஒரு வரி எழுதினதில்ல. இவங்க பத்து வரி எழுதியிருக்காங்க."

"எல்லாம் பொய்யாச்சே!"

"நாய் மட்டும் நெசம். குடை மழைக்குன்னு எடுத்தாந்தது. அது எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் எனக்குப் புரியல. எங்க வீட்டுக்காரிதான் சொல்லியிருப்பா." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா கத்திரிக்காய் பிடிக்காதுன்னு போட்டீங்க பாருங்க, அது எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. செத்தது பரவாயில்ல."

போஸ்டர்களைக் கிழித்துவிடச் சொல்கிறேன் என்றார் சார். பெரியவர் பதறிவிட்டார். "புதன்கிழமை வரிக்கும் இருக்கட்டுங்க. எங்க மச்சான் ஊர்லருந்து வரான். நான் எழுத்தாளருன்னு சொன்னா நம்பவே மாட்டான்."

கடைசியில் சார் ஆர்டரை எடுத்து டிராயருக்குள் வைத்தார். அதே ஐந்தாம் வகுப்பு, அதே தட்டாம்பூச்சி, சார்ட் மறுபடியும் செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்க வேண்டும். அவரே படித்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஆர்டர் டிராயரிலிருந்து வெளியே வரும்.

8. மறுபடியும் ஆராய்ச்சி

அடுத்த நாள் லைன் சரியானதும் நஸ்ரீனை உட்கார வைத்து நிஜ இன்டர்நெட்டில் தட்டாம்பூச்சியைத் தேடினோம். பூச்சி வந்தது. எழுத்தாளர் வரவில்லை. ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்பதும் ஆராய்ச்சி முடிவுதான் என்று அவள் நோட்டில் எழுத வைத்தேன். பிறகு சனிக்கிழமை பள்ளி வேனில் கீழ்பென்னாத்தூருக்குப் போனோம்.

நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். தகவல், யார் சொன்னது, வேறு யாரைக் கேட்டோம். மூன்றாவது கட்டம் இவ்வளவு வேலை வைக்கும் என்று நினைக்கவில்லை. நாற்பது புத்தகம் எழுதியிருக்கிறேன் என்றார் அவர். உள்ளேயிருந்து அவர் மனைவி, "பதினொண்ணு. மீதியெல்லாம் இன்னும் மண்டையிலதான் இருக்குது" என்றார். காலை நான்கு மணிக்கு எழுந்து எழுதுவேன் என்றார். மனைவி சிரித்த சிரிப்பை எப்படி எழுதுவது என்று நஸ்ரீன் என்னைக் கேட்டாள். நாய் விஷயத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வேன் சத்தத்துக்குத் தெரு நாய் ஒன்று குரைத்தது. தகவல் தந்துகொண்டிருந்தவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதே மூன்று கட்டத்தோடு போட்ட சார்ட்டில் ஏழு வரிதான் தேறியது. கண்காட்சிக்கு முதல் நாள் கரஸ்பாண்டென்ட் சார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஏழுதானா? அன்னிக்குப் பத்து இருந்துச்சே."

"அன்னிக்கு அவரைக் கேக்காமலே எழுதிட்டோம் சார்" என்றாள் நஸ்ரீன். "கேட்டா கம்மியாத்தான் கெடைக்குது."

சார் இன்னொரு முறை படித்தார். பிறகு, "கத்திரிக்காய் பிடிக்கும்னு போட்டீங்களா? போட்டீங்க. சரி" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனார். மதியம் பியூன் வந்து ஒரு கவர் கொடுத்தார். கையெழுத்து இருந்தது. தேதி மட்டும் ஆறு மாதம் தள்ளிப் போட்டிருந்தது. பலாப்பழத்துக்கான தண்டனை அது. குறைவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கண்காட்சிக்குத் தட்டாம்பூச்சியே வந்தார். தன் சார்ட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். மூன்றாவது கட்டத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். "இவ்ளோ சந்தேகப்படற ஜனங்களுக்கு நான் பூதக் கதை எழுதியிருக்கேன் பாரு" என்று வசந்தா மிஸ்ஸிடம் குறைபட்டுக்கொண்டார். ஆனால் யாராவது அந்தப் பக்கம் வந்தால் அவர்களையும் படிக்கச் சொன்னார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். மாதிரிக்கு என்று நீங்கள் டைப் செய்வதை யாரோ ஒருநாள் நிஜமென்று திறப்பார்கள். திறக்கிறவருக்குப் பத்து வயது இருக்கலாம். அவர் உங்களை முழுக்க நம்புவார். நான் இப்போதும் எண் போட்ட பட்டியல் நடத்துகிறேன். தக்காளி ரசம் வைக்கும் முறையை எழுதிக் காட்டுகிறேன். அதையும் முந்தின நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.